ஊக்கு

மினியாபொலிஸ். ஜனவரி. இரவு ஒன்றரை.
வாஷிங்டன் அவென்யூவில் கடைசி ரயில் போகட்டும் என்று
காத்திருக்கிறோம், மாரித்தும் நானும்.
ரயில் போனால் திரையில் கோடு நடுங்கும்.
லிஃப்ட் ஏறினால் நடுங்கும்.
தெருவில் பனி வாரும் லாரிக்குக்கூட
மரியாதையாய் ஒரு குனிவு குனியும்.

இந்த அறைக்குள் வடக்கு கிடையாது.
சுவருக்குள் மூன்றடுக்குத் தகடு.
பூமியின் காந்தம் செருப்பைப் போல
வாசலிலேயே நின்றுவிடும்.
திசைகாட்டியை உள்ளே வைத்தால்
கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவன் போல
சுற்றிச் சுற்றி விழிக்கும்.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கல்.
நிலாவிலிருந்து வந்தது.
ஐம்பது வருடம் ஹூஸ்டனில் பெட்டிக்குள் கிடந்ததில்
டெக்சஸின் வடக்கைக் கற்றுக்கொண்டுவிட்டது.
முதலில் அதை மறக்க வைக்க வேண்டும்.
ஆறு வாரம் திசையில்லாமல் போட்டு வைத்தோம்.
"சும்மா கிடந்தது" என்பதை
ஆய்வுக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று
ஒரு மதியம் முழுக்க யோசித்தோம்.

பிறகு, அழித்து அழித்துப் படிப்பது.
வேறு வழி தெரியவில்லை யாருக்கும்.
புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டக் கூட்ட
மேலே ஒட்டியது முதலில் உதிரும்:
விண்கலத்தின் நினைவு,
அறுத்த ரம்பத்தின் நினைவு,
எவரோ பிடித்த இடுக்கியின் நினைவு.
அடியில் இருப்பது கடைசியில்.
ஒவ்வொரு படியிலும் ஓர் எண் எழுதுகிறோம்.
எழுதிய எண் இனிக் கல்லில் இல்லை,
நோட்டில் மட்டும்.

முந்நூற்றறுபது கோடி வருடத்துக்கு முந்தைய கற்கள்
நிலாவுக்கும் காந்தம் இருந்தது என்கின்றன,
பூமிக்கு இன்று இருக்கிற அளவு.
அத்தனை சின்ன வயிற்றுக்குள்
அவ்வளவு நெருப்பு எப்படி நின்றது?
நிலாவின் தள்ளாட்டமே உள்ளிருந்த இரும்பைக் கலக்கியது என்பார் ஒருவர்.
கனத்த பாறை மூழ்கிப்போய் அவ்வப்போது
உசுப்பிவிட்டது என்பார் இன்னொருவர்.
விண்கல் மோதிய கணத்தின் வேலை என்பவர்
மாநாட்டில் தனி மேசையில் சாப்பிடுவார்.

ஐந்தாம் படியில் ஒரு திசை வந்தது.
கலையவில்லை. ஆறிலும் அதே திசை.
மாரித் எழுந்து நின்றாள்.
எட்டு வருடத்தில் அவள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.
"இருக்கிறது" என்றாள், மிக மெதுவாக,
சத்தத்தில் போய்விடும் என்பது போல.

அடுத்த குப்பியை எடுக்க இடது பக்கம் நகர்ந்தேன்.
கோடும் இடது பக்கம் நகர்ந்தது.
வலது. வலது.
பின்னால் ஓரடி வைத்தேன்.
நிலா என்னோடு பின்னால் வந்தது.

மோதிரம், கடிகாரம், பெல்ட், ஆணி வைத்த காலணி
எல்லாம் வெளியே தட்டில்.
தாலிச் சரட்டில் எப்போதும் கிடக்கும் இரண்டு ஊக்கு மட்டும்
நினைவில் இல்லை.
அவை எனக்கு இரும்பே இல்லை.
சேலை கட்டி நான்கு மாதம் ஆயிற்று,
ஆனாலும் ஊக்கில்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

மாரித் சிரிக்கவில்லை.
நேரம் போட்டு எழுதினாள்: ஊக்கு, இரண்டு.
எழுத்துக்கூட்டி என்னிடம் கேட்டாள்.

மறுபடி முதலிலிருந்து முடியாது.
உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.
மீதியிருந்த படிகளை அளந்தோம்.
ஏழு. எட்டு. ஒன்பது.
புள்ளிகள் கொதிக்கும் உலையில் அரிசி போல
எங்கெங்கோ குதித்தன,
எதுவும் எதையும் பார்க்கவில்லை.
இந்தக் கல்லுக்கு வயது நூறு கோடிகூட இல்லை.
இது ஆறி இறுகியபோது சுற்றிலும்
எந்தக் காந்தமும் இல்லை போலும்.
எதுவும் எழுதப்படாத பக்கத்தைத்தான்
இத்தனை கவனமாய் அழித்துக்கொண்டிருந்தோம்.

"சுழியமும் ஓர் அளவுதான்" என்றாள்,
பிழை எல்லையைக் கணக்கிட்டபடி.

மூன்றே முக்காலுக்கு வெளியே வந்து
தட்டிலிருந்து ஊக்குகளை எடுத்தேன்.
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.
லேசாகத்தான்.
பிரிக்கும்போது தெரிந்தது.